வானத்திலிருந்து வந்தவனின் முகம்

தரம் எட்டில் உவமையணி படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசை மாணவன் ஒருவன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எதையோ கீறிக்கொண்டிருப்பதைக் கண்டேன். போய்ப் பறித்துப் பார்த்தால், முள் முள்ளாக நிமிர்ந்த தலைமயிரோடு இரண்டு முகங்கள். இரண்டும் ஒரே அச்சு.

"ஒரே ஆள ஏன்டா ரெண்டு தரம் கீறி வெச்சிருக்காய்?" என்று ஏசினேன்.

"ஒரே ஆளில்ல சேர். இவரு கோகூ, நல்லவரு. மத்தவன் டர்லெஸ், பூமியப் புடிக்க வந்தவன். மொகம் மட்டுந்தான் ஒண்டு" என்றான்.

வகுப்பு சிரித்தது. கொப்பியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால் அவன் சொன்ன பதில் வீடு வரைக்கும் கூடவே வந்தது. "கார்ட்டூன் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசியவர்களில் நானும் ஒருவன். பேசினேனே தவிர, ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்தவன் அல்லன். அன்றிரவு மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். பிறகு தனியே இன்னொரு தடவையும் பார்த்தேன்.

படம், 'டிராகன் பால் ஸீ' வரிசையில் 1990 ஜூலை 7ஆம் திகதி ஜப்பானில் வெளியானது. 'பூமி முழுவதுக்குமான மாபெரும் இறுதிப்போர்' என்பது ஜப்பானியத் தலைப்பின் பொருள். ஆங்கிலம் வழியாக அறிந்தவர்களுக்கு அது 'வலிமையின் மரம்'. மூலக்கதைப் படைப்பாளி அகிரா தொரியாமா, 2024 மார்ச்சில் காலமானவர். இயக்கம் தைசுக்கே நிஷியோ, திரைக்கதை தகாவோ கொயாமா, தயாரிப்பு டோயெய் நிறுவனம். ஓடும் நேரம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்.

கதை சின்னது. விண்வெளிக் கொள்ளையனான டர்லெஸ் தன் கூட்டத்தோடு வந்து பூமியில் ஒரு விதையை ஊன்றுகிறான். அது மேகத்தைத் தாண்டி வளர்ந்து, ஆறுகளைக் குடித்து, மண்ணின் உயிரை உறிஞ்சிக் காய்க்கிறது. அந்தக் கனியைத் தின்றவனுக்கு அளவில்லாத பலம் வரும். பூமி சுடுகாடாகும். தற்காப்புக் கலை வீரனான கோகூவும் அவனது நண்பர்களும் இதைத் தடுக்கப் போராடுகிறார்கள். இவ்வளவுதான். மீதியெல்லாம் அடிதடி.

ஆனால் அந்த முகம்?

இரட்டை வேடம் நமக்குப் புதிதல்ல. 1958இல் வந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் நல்லவனும் கெட்டவனும் ஒரே சிவாஜிதான். அங்கே முகம் ஒன்றானதற்குக் காரணம் பிறப்பு. அவர்கள் இரட்டைப் பிள்ளைகள். இங்கே காரணம் வேறு, அதைச் சொல்வதும் டர்லெஸ்தான். தங்கள் இனத்தில் கீழ்நிலைப் போர்வீரர்கள் பாவித்துவிட்டு எறியப்படுகிறவர்கள், அதனால் அவர்களுக்கு முகவகைகளும் கொஞ்சம்தான் என்கிறான். எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. தனிமுகம் கூடத் தேவையில்லை என்று கருதப்பட்ட இரண்டு சிப்பாய்கள் இவர்கள். ஒருவன் கொள்ளையனாகிவிட்டான். மற்றவன் குழந்தையாக இருக்கையில் பூமியை அழிக்க அனுப்பப்பட்டு, ஒரு கிழவரின் கையில் கிடைத்து, பூமியின் பிள்ளையாக வளர்ந்தான். அதாவது கோகூவும் ஆக்கிரமிக்க வந்தவன்தான். வந்த வேலையை மறந்துபோன ஆக்கிரமிப்பாளன்.

ஜப்பானிய மூலத்தில் இன்னொன்றும் உண்டு. கோகூ, அவனது மகன் கோஹான், டர்லெஸ் ஆகிய மூவருக்கும் குரல் கொடுத்தவர் ஒரே பெண்மணி, 1936இல் பிறந்த மசாக்கோ நொசாவா. தகப்பன், பிள்ளை, பகைவன் மூவரும் ஒரே தொண்டையிலிருந்து பேசுகிறார்கள். மொழி விளங்காவிட்டாலும் பரவாயில்லை, படத்தை ஜப்பானிய ஒலியில் கேட்கவேண்டும். டர்லெஸின் அலட்சியமான தாழ்குரலுக்குள்ளே கோகூவின் குரல் ஒளிந்திருப்பது நன்றாகக் கேட்கும்.

இதை இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும். ஜப்பானின் முதல் முழுநீள அனிமேஷன் படம் 1945 ஏப்ரலில் வெளியானது. மிட்சுயோ செயோ இயக்கிய அந்தப் படத்தின் நாயகன் மொமொதாரோ. பீச் பழத்துக்குள்ளிருந்து வந்து, முதிய தம்பதியரிடம் வளர்ந்து, நாயும் குரங்கும் காட்டுப்பறவையும் துணைவர, தீவுக்குப் போய் அரக்கர்களை வென்றுவருகிற நாட்டார்கதைச் சிறுவன். கடற்படைக்காக எடுக்கப்பட்ட படமாதலால் அதில் மொமொதாரோ படைத்தளபதியாகிவிட்டான். அவனது மிருகப் படை வானத்திலிருந்து பரசூட்டில் இறங்கி அடுத்தவன் தீவைப் பிடிக்கிறது. இறங்குகிறவர்கள்தான் வீரர்கள். 1943இல் அதே இயக்குநர் எடுத்த முன்படம் பேர்ள் துறைமுகத் தாக்குதலைக் கொண்டாடியது. அந்தத் தாக்குதலை நடத்திய விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்துதான், நாலு மாதம் கழித்து 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும், 9இல் திருகோணமலையையும் குண்டுபோட்டுத் தாக்கின. ஹெர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அன்றுதான்.

எங்கள் மூத்தம்மாவிடம் வயதைக் கேட்டால் வருசம் சொல்லமாட்டா. "ஜப்பான்காரன் குண்டு போட்டக்குள்ள நான் ஓதப் போற புள்ள" என்பா. வானத்திலிருந்து வந்து இறங்கும் ஆபத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஜப்பான் என்றுதான் பெயர்.

எனவே 1990இல் அதே ஜப்பானின் சிறுவர் படமொன்றில் வானத்திலிருந்து இறங்குகிறவன் கொள்ளையனாக வருவதையும், அவனுக்கு வீரனின் முகமே இருப்பதையும் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. இது திட்டமிட்ட பாவமன்னிப்பு என்று நான் சொல்லவரவில்லை. கோடை விடுமுறைப் பிள்ளைகளுக்காக அவசரமாக எடுக்கப்பட்ட படம் இது. ஆனால் படைத்தவன் எண்ணாததையும் படைப்பு சொல்லும் என்பது நாம் இலக்கியத்தில் ஒத்துக்கொண்ட விசயம். மொமொதாரோவும் கோகூவும் எங்கிருந்தோ வந்து முதியவர் கையில் வளர்ந்த பிள்ளைகள்தான். முன்னவன் வளர்ந்து அடுத்தவன் தீவுக்குப் படையோடு போனான். பின்னவன் தன் முகத்தோடு வந்த படையை மறித்து நின்றான். எதிரிக்கு வேறு முகம், வேறு பேச்சு, வேறு உடுப்பு என்று சொல்லிக்கொடுத்தே நமது நாட்டிலும் தலைமுறைகள் போய்விட்டன. எதிரிக்கு என் முகமே இருக்கலாம் என்று ஒரு கார்ட்டூன் சொல்வது சின்ன விசயமல்ல.

படத்தின் உச்சம் என்று நான் நினைப்பது கடைசிச் சண்டையை அல்ல. டர்லெஸ் சிறுவன் கோஹானைத் தன்னோடு சேரச் சொல்கிறான். அவன் மறுக்க, செயற்கை நிலவொன்றை உண்டாக்கி அதைப் பார்க்கவைத்து, அவனை மாபெரும் குரங்காக்கிவிடுகிறான். பிள்ளைக்குத் தகப்பனைத் தெரியவில்லை. பிடித்து நசுக்கப்பார்க்கிறான். கோகூவால் திருப்பி அடிக்கவும் முடியாது. அந்த வெறியைத் தணிப்பது யாருடைய பலமும் அல்ல. படத்தின் தொடக்கத்தில் காட்டுத்தீயிலிருந்து கோஹான் காப்பாற்றிய ஒரு குட்டி டிராகன் அவன் முன்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். தகப்பனை மறந்த பிள்ளைக்குத் தான் இரங்கிய ஒரு சீவனை மறக்க முடியவில்லை. இருபது வருசமாகப் பிள்ளைகளோடு கிடக்கிறவன் நான். இந்தக் காட்சியை எழுதியவருக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது அந்த மரம். டர்லெஸின் பலம் பறித்தெடுத்த பலம். பூமி காயக் காய அவன் கொழுக்கிறான். கோகூவின் கடைசி ஆயுதமோ நேர்மாறானது. கைகளை வானத்துக்கு உயர்த்திப் புல், மரம், நீர், உயிர்கள் எல்லாவற்றிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைக் கேட்டு வாங்கி ஓர் ஒளிக்கோளமாகத் திரட்டுவது. அதன் பெயர் 'கெங்கிதமா'. ஜப்பானியர் "கெங்கி தெஸ்கா" என்று சுகம் விசாரிக்கிறார்களே, அதே 'கெங்கி'தான். எல்லோருடைய சுகத்திலும் ஒரு துளி. முதல் முறை அது தோற்றுப்போகிறது. கொடுப்பதற்குப் பூமியிடம் மிச்சமில்லை, மரம் உறிஞ்சிவிட்டது. இரண்டாம் முறை, உறிஞ்சிய அந்த மரத்திலிருந்தே சக்தி கோகூவின் கைக்குத் திரும்பிவருகிறது. பறிபோனது உரியவர்களுக்காகத் திரும்புகிறது. நித்தியத்தின் மரம் என்று ஆசைகாட்டி ஷைத்தான் ஆதம் நபியை ஏமாற்றிய வரலாற்றைச் சிறுவயதிலேயே ஓதிய நம் பிள்ளைகளுக்கு, பலம் தரும் கனியின் பின்னால் இருக்கும் வஞ்சகம் சொல்லாமலே விளங்கும்.

குறைகள் நிறைய. டர்லெஸின் அடியாட்களுக்கு உருவம் உண்டு, குணம் இல்லை. வருகிறார்கள், அடிக்கிறார்கள், விழுகிறார்கள். பூமியின் சாதாரண மனிதர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். யாருக்காகச் சண்டை நடக்கிறதோ அவர்களே படத்தில் இல்லாதமாதிரி. கோஹானின் தாய் சீச்சீ வேண்டாம் என்று சொல்வதற்கென்றே வைக்கப்பட்ட பாத்திரம். பிள்ளை படிக்கவேண்டும் என்று நினைப்பவளைச் சிரிப்புக்கு விட்டது ஓர் ஆசிரியனாக எனக்குக் கசக்கிறது. பெரிய குறை வேறு. ஒரே முகம் என்ற அருமையான முடிச்சைப் போட்டுவிட்டு, படம் அதை அவிழ்க்காமல் குண்டெறிந்து முடித்துவிடுகிறது. தன் முகத்தோடு செத்தவனைப் பற்றிக் கோகூ ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. பிறகு, கனி கடவுளர்க்கு உரியது என்பது போன்ற கதைகள். நம் பெற்றோரின் கவலை இங்கே நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து போனைப் பறிப்பதல்ல. பக்கத்தில் இருந்து பார்த்து, "இது அவங்கட கதை மகன், நம்மட நம்பிக்கை இப்படி" என்று கதைப்பதுதான். என் மகனிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூடச் செல்லவில்லை.

மறுநாள் லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். முந்தியநாள் எனக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு முகங்களையும் இப்போது பிரித்தறிய முடிந்தது. டர்லெஸின் வாய்க்கோணத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு கூடுதலாக இருந்தது. அந்தப் பிள்ளை வடிவாகக் கவனித்திருக்கிறான். இடைவேளைக்கு அவனைக் கூப்பிட்டு, "இந்தப் படத்தை நான் ரெண்டு நாளைக்கு வெச்சிருக்கட்டா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு, அந்தத் தாளைத் தானே கவனமாகக் கிழித்து நீட்டினான்.

"நீங்களே வெச்சிரிங்க சேர். நான் வேற கீறுவன்."