மேடையின் சொல்லும் கமராவின் கண்ணும்: சேக்ஸ்பியர் நாடகங்களின் தொலைக்காட்சி வடிவங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாடகத்தின் அச்சுப் பிரதி அந்நாடகத்தின் முழுமையன்று. நடிகனின் உடலும் குரலும், அரங்கின் வெளியும், அவ்வெளியைச் சூழ்ந்திருப்போரின் கவனமும் ஒன்றுகூடும்போதே நாடகம் நிறைவெய்துகின்றது. எனினும், ஆங்கில நாடக இலக்கியத்தைப் பல்கலைக்கழகங்களிற் பாடமாகப் பயில்வோருட் பெரும்பாலோர் அதனை எழுத்தாகவே அறிவர். இலண்டன் அரங்கையோ ஸ்ராட்போட் அரங்கையோ கண்டிராத இத்தகையோர்க்குத் தொலைக்காட்சி வடிவமே பல வேளைகளில் முதலாவதும் இறுதியானதுமான அளிக்கையாக அமைந்துவிடுகின்றது. எனவே அவ்வடிவத்தைப் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதலும், மூலத்தின் பிரதிபிம்பமென அப்படியே ஏற்றுக்கொள்ளுதலும் ஒருங்கே தவறாகும். மேடைக்கென எழுதப்பட்ட சொல்லைக் கமரா எவ்வாறு கையாள்கின்றது என்பதே ஈண்டு எழுப்பப்படவேண்டிய வினாவாகும்.

சேக்ஸ்பியரும் தொலைக்காட்சியும் கொண்ட உறவு ஏறத்தாழத் தொலைக்காட்சியின் வயதை ஒத்தது. 1937ஆம் ஆண்டிலேயே ‘அஸ் யூ லைக் இற்’ நாடகத்தின் ஒரு பகுதி பி.பி.சி.யினால் ஒளிபரப்பப்பட்டது. 1960இல் எட்டு வரலாற்று நாடகங்களைப் பதினைந்து பகுதிகளாக இணைத்து ‘அன் ஏஜ் ஒவ் கிங்ஸ்’ என்னுந் தொடரை அந்நிறுவனம் அளித்தது. ஆயினும் இத்துறையின் மிகப் பெரிய முயற்சி 1978 டிசெம்பரில் ‘ரோமியோவும் ஜூலியற்றும்’ நாடகத்துடன் தொடங்கி, 1985 ஏப்ரிலில் ‘ரைற்றஸ் அன்ட்றோனிக்கஸ்’ நாடகத்துடன் முற்றுப்பெற்ற பி.பி.சி. சேக்ஸ்பியர் தொடரேயாகும். முப்பத்தேழு நாடகங்கள் இதில் இடம்பெற்றன. செட்ரிக் மெசினா, ஜொனதன் மில்லர், ஷோன் சற்றன் ஆகிய மூவர் அடுத்தடுத்து அதன் தயாரிப்பாளராக விளங்கினர்.

இத்துணைப் பெரிய முயற்சியின் பொருளாதார அடித்தளத்தை நோக்காது அதன் கலைப்பண்பினை விளங்கிக்கொள்ளுதல் இயலாது. செலவின் ஒரு பகுதியை எக்ஸொன் எண்ணெய்க் கம்பனி உள்ளிட்ட அமெரிக்க நிறுவனங்கள் ஏற்றன. நாடகங்கள் மரபுவழிப்பட்டனவாக இருத்தல் வேண்டும், உடையும் களமும் சேக்ஸ்பியரின் காலத்தையோ கதை நிகழும் காலத்தையோ சார்ந்திருத்தல் வேண்டும், நேர அளவு ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலத்துள் அடங்குதல் வேண்டும் என்பன அவற்றுடன் எய்தப்பெற்ற உடன்பாட்டின் சாரமாகும். வகுப்பறைகளிலும் நூலகங்களிலும் நெடுங்காலம் பயன்படத்தக்க நடுநிலையான பதிவுகளை உருவாக்குதலே நோக்கமெனக் கூறப்பட்டது. ஆனால் அளிக்கையில் நடுநிலை என்பதொன்று உண்டா? நடிகரைத் தெரிதல், ஒளியைப் பாய்ச்சுதல், கமராவை நிறுத்துமிடத்தைத் தீர்மானித்தல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வியாக்கியானமே. வியாக்கியானத்தைத் தவிர்க்க முற்படும் தயாரிப்பு, வழக்கிலுள்ள வியாக்கியானத்தை அறியாமலே ஏற்றுக்கொள்கின்றது. அத்தொடரின் தொடக்கக் காலத் தயாரிப்புகள் சிலவற்றின் சோர்வுக்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. சேக்ஸ்பியரின் நாடகங்கள் பட்டப் பகலில், திறந்த வெளியரங்கில், பார்வையாளர் மூன்று புறமுஞ் சூழ்ந்து நிற்க ஆடப்பட்டவை. 1599இல் எழுந்த குளோப் அரங்கில் திரைச்சீலைக் காடுகளோ செயற்கை இரவோ இருக்கவில்லை. மக்பெத்தின் கொடிய இரவு பிற்பகல் வெயிலிலேயே நிகழ்ந்தது. அவ்விரவைப் படைத்தது ஒளியமைப்பன்று, சொல்லே. இடமும் காலமும் வானிலையும் பாத்திரங்களின் கூற்றினூடாகவே பார்வையாளர் மனத்திற் கட்டியெழுப்பப்பட்டன. அவ்வாறாயின், இருப்பதை இருந்தபடியே காட்டவல்ல கமரா அத்தகைய சொல்லின் அருகே வரும்போது ஒரு நெருக்கடி தோன்றுகின்றது. சொல் கூறுவதைக் கமராவுங் காட்டுமாயின் இரண்டில் ஒன்று மிகையாகும். சொல் கூறுவதற்கு மாறானதைக் காட்டுமாயின் சொல் பொய்யாகும்.

இந்நெருக்கடியைத் தெளிவாகக் காட்டுவது 1978இல் பேசில் கோல்மன் நெறியாள்கையில் உருவான ‘அஸ் யூ லைக் இற்’. முப்பத்தேழு நாடகங்களுள் இதுவும் ‘எட்டாம் ஹென்றி’யுமே கலையகத்துக்கு வெளியே படமாக்கப்பட்டவை. இந்நாடகம் ஸ்கொத்லாந்தின் கிளாமிஸ் கோட்டையிலும் அதன் சுற்றுப்புறக் காட்டிலும் படம்பிடிக்கப்பட்டது. மரங்கள் உண்மையானவை, புல்லும் வெயிலும் உண்மையானவை. றோசலின்ட் பாத்திரத்தை ஏற்ற ஹெலன் மிறெனோ ஆற்றல் மிக்க நடிகை. இருந்தும், நாடகம் உயிர்பெற மறுக்கின்றது. சேக்ஸ்பியர் படைத்த ஆடன் காட்டில் ஒலிவ் மரங்கள் நிற்கின்றன. ஒரு பனை இனமரத்தில் காதற் கவிதை கிடைக்கின்றது. பெண் சிங்கமொன்று பதுங்கியிருக்கின்றது. எந்த நாட்டுத் தாவரவியலாளராலும் இக்காட்டை இனங்காண முடியாது. அரண்மனையின் சூதுக்கு மாறாகக் கற்பிக்கப்பட்ட மனக்காடு அது. உண்மையான ஸ்கொத்திஷ் மரங்களின் நடுவே நின்று ஒருவர் சிங்கத்தைப் பற்றிப் பேசும்போது, பார்ப்பவர் மரத்தை நம்பிச் சொல்லைச் சந்தேகிக்கின்றார். வெட்டவெளியின் உண்மை கவிதையின் உண்மையைத் தோற்கடித்துவிடுகின்றது.

இதற்கு நேரெதிரான முனையில் நிற்பது 1979 ஜனவரியில் தேம்ஸ் ரெலிவிஷன் ஒளிபரப்பிய ‘மக்பெத்’. 1976இல் றோயல் சேக்ஸ்பியர் கம்பனிக்காக ஸ்ராட்போட்டின் ‘தி அதர் பிளேஸ்’ என்னுந் தகரக் கொட்டகை அரங்கில் ரெவர் நன் நெறியாள்கை செய்த நாடகமே பிலிப் கசனால் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக்கப்பட்டது. கிளாமிஸின் பிரபுவான மக்பெத்தின் கதை கிளாமிஸை நாடிச் செல்லவில்லை என்பது சுவையான முரணாகும். அதற்குத் தேவைப்பட்டது இருள் சூழ்ந்த ஒரு வெற்று வெளி மாத்திரமே. கோட்டையில்லை, பற்றைக்காடில்லை. இருளிலிருந்து முகங்கள் எழுகின்றன, இருளினுள்ளே மறைகின்றன. விருந்துக் காட்சியில் பாங்கோவின் ஆவி காட்டப்படுவதேயில்லை. வெறும் இருக்கையை நோக்கி நடுங்கும் இயன் மக்கெலனின் முகத்திலேயே ஆவி தோன்றுகின்றது. நித்திரையில் நடக்குங் காட்சியில் ஜூடி டென்ஞ்சின் அடித்தொண்டையிலிருந்து நீண்டெழும் ஓலமும் அத்தகையதே. பெரிய அரங்கொன்றின் கடைசி வரிசையில் இருப்பவர் காணவியலாத இமையசைவையும் உதட்டின் வறட்சியையும் சின்னத்திரை காட்டுகின்றது. இங்கு கமரா சொல்லுடன் போட்டியிடவில்லை. சொல் பிறக்கும் இடத்தை, அதாவது முகத்தை, நெருங்கிச் சென்று காத்து நிற்கின்றது.

எனினும், வெறுமை ஒன்றே வழியெனக் கொள்ளுதல் பொருந்தாது. 1983இல் ஜேன் ஹவெல் நெறியாள்கையில் ஒளிபரப்பாகிய ‘ஆறாம் ஹென்றி’யின் மூன்று பகுதிகளும் ‘மூன்றாம் றிச்சட்’டும் வேறொரு வழியைக் காட்டின. சிறுவர் விளையாட்டுத் திடலை நினைவூட்டும் பலகைத் தட்டுகளும் ஏணிகளும் ஊஞ்சற் கதவுகளுங் கொண்ட ஒரே களம் நான்கு நாடகங்களுக்கும் பயன்பட்டது. தொடக்கத்திற் பளிச்சிடும் வர்ணங்களுடன் விளங்கிய அக்களம், போர் வளர வளரக் கருகிச் சிதைகின்றது. முதற் பகுதியிற் பிரபுக்கள் பொய்க்குதிரை கட்டிக்கொண்டு மோதுகின்றனர். பார்ப்போர் சிரிக்கின்றனர். பிள்ளைகளின் சண்டையெனத் தொடங்கிய அதுவே பிணக்குவியலாக முடியும்போது முன்னைய சிரிப்பு குற்றவுணர்வாக மாறுகின்றது. நாட்டுக்காக மடிந்த வீரனாகிய ரல்பொட்டையும், பின்னர் கலகக்காரனாகிய ஜக் கேட்டையும் ரெவர் பீகொக் என்ற ஒரே நடிகர் ஏற்றமை ஆட்பற்றாக்குறையின் விளைவாக மட்டும் தோன்றவில்லை. வீரமும் வன்முறையும் ஒரே முகத்தைக் கொண்டவை என்னும் அரசியற் கருத்தாகவே பொருள்படுகின்றது. றிச்சட்டாக நடித்த றொன் குக் தனிமொழிகளைக் கமராவை நோக்கியே கூறுகின்றார். மேடையின் பார்வையாளர் கூட்டத்துக்குப் பதிலாக வீட்டில் இருக்குந் தனியொருவர் இங்கு றிச்சட்டின் அந்தரங்கத் தோழராக, ஏன், அவன் குற்றங்களின் உடந்தையாகவே ஆக்கப்படுகின்றார். மேடை மரபொன்று தொலைக்காட்சிக்கே உரிய வலுவாக மாறிய இடம் இது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு நெறியை ஜொனதன் மில்லர் வகுத்தார். பண உடன்பாடு விதித்த காலக் கட்டுப்பாட்டை அவர் மீறவில்லை; அதற்குள்ளேயே ஒரு வாயிலைத் திறந்தார். சேக்ஸ்பியரின் காலத்தைக் காட்டவேண்டுமாயின் அக்காலத்தையும் அதனை அடுத்த காலத்தையும் சார்ந்த ஓவியர்களின் கண்களால் ஏன் காட்டக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. அவரது ‘அன்ரனியும் கிளியோபற்றாவும்’ வெனிஸ் ஓவியர் வெறொனேசேயின் உலகை நினைவூட்டியது. அவர் அழைத்துவந்த எலைஜா மொஷின்ஸ்கி ‘ஓல்ஸ் வெல் தற் என்ட்ஸ் வெல்’ நாடகத்தை ஒல்லாந்த ஓவியங்களின் உள்ளறை ஒளியில் அமைத்தார். ஓவியம் தன்னை ஓவியமென மறைப்பதில்லை; ஆதலால் அதன் நடுவே செய்யுட் பேச்சு அந்நியமாக ஒலிப்பதுமில்லை. ஆயினும் கண் அழகில் இலயித்துச் செவி சோரும் ஆபத்து இந்நெறியில் உண்டென்பதையும் மறுத்தற்கில்லை.

வெற்றிபெற்ற வடிவங்களிலும் மேடை இழந்தவை உள. மேடையில் எவரை நோக்குவதென்பதைப் பார்வையாளரே தீர்மானிக்கின்றார். தொலைக்காட்சியிற் கமரா தீர்மானிக்கின்றது. லியர் மன்னனின் முதற் காட்சியில் மூத்த பெண்கள் இருவரும் தம் அன்பைச் சொல்லாற் பெருக்கும்போது, அருகே மௌனமாக நிற்கும் கோடீலியாவே நாடகத்தின் மையம். பேசுபவரையே அண்மைக் காட்சியிற் பற்றிப்பிடிக்கும் பழக்கம் கேட்பவரை அழித்துவிடுகின்றது. மைக்கல் ஹோர்டேன் நடித்த 1982ஆம் ஆண்டு ‘லியர் மன்ன’னில் மில்லர் பலரை ஒருங்கே காட்டும் நீண்ட காட்சிகளை விரும்பிக் கையாண்டமைக்கு இவ்வுணர்வும் ஒரு காரணமாகலாம். நன்னின் ‘மக்பெத்’தும் இவ்விழப்புக்கு விலக்கன்று. மேடையில், தம் பங்கு வராத நடிகர்கள் ஆடுகளத்தைச் சூழ அமர்ந்து, கொலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். தொலைக்காட்சியில் அவ்வட்டம் தொடக்கத்திற் காட்டப்பட்டு, பின்னர் பெரும்பாலும் இருளில் மறைந்துவிடுகின்றது. கொலைகாரனின் உள்ளம் நமக்கு மிக அண்மையில் வந்தது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த சமூகம் விலகிப்போயிற்று.

இவ்விழப்பு வெறும் நுணுக்கப் பிரச்சினையன்று. மேடை அளிக்கை முடிந்ததும் மறைந்துவிடுவது. அடுத்த தலைமுறை அந்நாடகத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க அது இடம் விடுகின்றது. ஒளிப்பதிவோ நிலைத்து நிற்கின்றது. ‘முழுமையான சேக்ஸ்பியர்’ என்ற பெயருடன் நூலகத் தட்டில் அமரும்போது ஒரு குறித்த காலத்தின், குறித்த பண உடன்பாட்டின் விளைவு, நாடகாசிரியனின் இறுதி எண்ணமென மயங்கப்படுகின்றது. அரங்கைக் காணும் வாய்ப்பற்ற மாணவரே இம்மயக்கத்துக்கு எளிதில் ஆட்படுவர். 2012இல் ‘தி ஹொலோ கிறவுண்’ தொடர் மீண்டும் உண்மையான கோட்டைகளையும் வெளிகளையும் நாடிச் சென்றமையும், 2009 முதல் இலண்டன் தேசிய அரங்கு தன் மேடை அளிக்கைகளை நேரடியாகத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பத் தொடங்கியமையும், இப்பிரச்சினை இன்னும் தீர்ந்துவிடவில்லை என்பதையே உணர்த்துகின்றன.

எனவே இப்பதிவுகளைப் பயில்வோர் கைக்கொள்ளவேண்டிய முறை ஒப்பீட்டு முறையேயாகும். ஒரு நாடகத்தின் ஒரு வடிவத்தை மட்டும் கண்டவர் அந்த வடிவத்தையே அறிவார். இரு வடிவங்களைக் கண்டவர் இரண்டுக்கும் இடையே நாடகம் நிற்குமிடத்தை அறியத் தொடங்குவார். காட்டப்பட்டது எது, காட்டாது விடப்பட்டது எது, அத்தெரிவுக்குப் பின்னின்ற கலைக்கொள்கையும் பணமும் எவை என்னும் வினாக்களுடன் திரையை நோக்கிவிட்டு, மீண்டும் பிரதியின் சொல்லுக்குத் திரும்புபவருக்கே அப்பதிவுகள் பயனளிக்கும். அவ்வாறு திரும்பாதவருக்குக் கிளாமிஸின் மரங்களே ஆடன் காடாகத் தோன்றும்.