பாரதியின் பெல்ஜியமும் என் பெல்ஜியமும்

2019 அக்டோபரில் ஒன்பது நாள் பெல்ஜியத்தில் இருந்தேன். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இருபத்தேழு வருசம் ஷிப்ட் வேலை பார்த்தவனுக்கு அதுதான் முதல் ஐரோப்பா. ஊர் திரும்பியதும் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி எங்கள் வாசகர் வட்டத்தில் வாசித்தேன். கெண்ட் நகரத்தின் வாய்க்கால் ஓரம், காகிதக் கூம்பில் தரும் பொரித்த உருளைக்கிழங்கு, நிமிடம் தவறாத ரயில், ஒரே தெருவுக்கு இரண்டு மொழியில் பெயர்ப்பலகை. எல்லாம் இருந்தது. பஹாங் மாநிலத்தைவிடச் சின்ன நாடு. அதற்குள் இரண்டு மொழிக்காரர்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு, 1968இல் லூவன் பல்கலைக்கழகத்தையே மொழிவாரியாக இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஆனாலும் சேர்ந்தே இருக்கிறார்கள். மலேசியத் தமிழனுக்கு அது பிடிக்காமல் போகுமா? காதல் என்றே எழுதியிருந்தேன்.

வாசித்து முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மட்டும் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, டெர்வூரன் போகலியா?" என்றார்.

"போனேன் சார்."

"எழுதலியே?"

பதில் சொல்லவில்லை. கட்டுரை நீளமாகிவிடும் என்றுதான் விட்டேன் என்று அப்புறம் வேறொருவரிடம் சொன்னேன். அது பொய். அந்த ஒரு பகல் உள்ளே வந்தால் மற்ற எட்டு நாளும் நிறம் மாறிவிடும், அதனால்தான் விட்டேன். அந்த வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து பாரதியின் 'பெல்ஜியத்திற்கு வாழ்த்'தை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கவிதையைப் பற்றியது. என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரதி கப்பல் ஏறாதவர். 1908 முதல் 1918 வரை பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் ஒதுங்கியிருந்தவர். பெல்ஜியம் அவருக்குப் பத்திரிகைத் தாளில் வந்து சேர்ந்த நாடு. 1914 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜிய எல்லையைத் தாண்டியது. பிரான்சைத் தாக்க வழி விடு என்று கேட்டார்கள். முடியாது என்று ஆல்பர்ட் மன்னர் மறுத்தார். 1839 ஒப்பந்தத்தின்படி அது நடுநிலை நாடு. வழி விட்டிருந்தால் உயிர்ச்சேதம் குறைந்திருக்கலாம், விடவில்லை. லியேஜ் கோட்டைகள் விழுந்தன. டினான் என்ற சின்ன ஊரில் 600க்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். ஆகஸ்ட் 25 இரவு லூவன் நூலகம் லட்சக்கணக்கான நூல்களோடு எரிந்தது. (1981இன் யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் எந்தத் தமிழரும் லூவனில் அந்தக் கட்டடத்தின் முன் நிற்க முடியாது. நானும் நின்றேன்.)

கவிதையின் வேலைப்பாடு எளியது, அதே சமயம் அபாரமானது. முற்பகுதியில் ஒவ்வொரு பாடலும் ஒரு நற்குணத்தின் பெயரைச் சொல்லி, அதனாலேயே நீ விழுந்தாய் என்று பெல்ஜியத்திடம் பேசத் தொடங்குகிறது. அறம், கொடை, மானம், வீரம், துணிவு என்று குணங்கள் வரிசையாக வருகின்றன. நம் பேச்சில் ஒருவன் குடியால் விழுவான், கடனால் விழுவான், கெட்ட சகவாசத்தால் விழுவான். மூன்றாம் வேற்றுமை உருபு அப்படிக் கெட்டதைச் சுட்டிச் சுட்டிப் பழகிய இடம் அது. அந்த இடத்தில் பாரதி நல்லதைக் கொண்டுபோய் வைக்கிறார். ஒரே ஒரு 'ஆல்' மொத்த வாதத்தையும் சுமக்கிறது. விருத்தத்தின் ஓட்டத்தில் அது திரும்பத் திரும்ப வரும்போது, விழுந்தவன் ஒவ்வொரு முறையும் ஒரு படி உயர்ந்துகொண்டே போகிறான். சத்தமாகப் படித்தால்தான் இது தெரியும். பிற்பகுதியில் வரும் தேறுதல், மறுபடி எழுவாய் என்கிற நம்பிக்கை, எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. யாரும் சொல்லக்கூடிய ஆறுதல்.

பிறகு அந்த உவமை. புலியை முறத்தால் அடிக்கும் மலைக்குறப் பெண். பெல்ஜியத்தைப் பார்க்காத பாரதி அதற்கு ஒரு முகம் தேடுகிறார். கையில் கிடைப்பது குறிஞ்சி நிலத்துப் பெண்ணின் முகம். அந்த இடத்திலேயே பெல்ஜியம் நம் ஊராகிவிடுகிறது. பாரதிக்கு ஐரோப்பா தெரியாது என்பதற்கு இதைச் சாட்சியாக வைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாத நாட்டை நேசிக்க ஒருவனுக்கு இருக்கிற ஒரே வழி இதுதான்: தன் வீட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்து அதன் கையில் கொடுப்பது. நான்கூட கெண்ட் வாய்க்காலைப் பார்த்ததும் முதலில் நினைத்தது பிறை ஆற்றைத்தான்.

ஆனால் முறம் ஒரு காரியம் செய்துவிடுகிறது. முறம் ஏந்தியவள் ஏழை. அவளிடம் வேறு ஆயுதம் இல்லை. அவள் யாரையும் அடிமைப்படுத்தியவள் இல்லை. உவமை வந்ததுமே பெல்ஜியத்துக்கு இந்தத் தகுதிகள் எல்லாம் கேட்காமலே கிடைத்துவிடுகின்றன.

1914இல் பெல்ஜியம் சின்ன நாடா? வரைபடத்தில் ஐரோப்பாவை மட்டும் பார்த்தால், ஆமாம். கொங்கோவையும் சேர்த்துப் பார்த்தால் இல்லை. தன்னைப்போல் எழுபத்தைந்து மடங்குக்கும் மேற்பட்ட நிலம் அதன் கையில் இருந்தது. 1885 முதல் 1908 வரை அது இரண்டாம் லியோபோல்ட் மன்னரின் சொந்தச் சொத்து. நாட்டின் சொத்துகூட இல்லை, ஒரு ஆளின் சொத்து. காட்டுக் கொடிகளில் ரப்பர் பால் எடுத்து வரச்சொல்லி ஒவ்வொரு கிராமத்துக்கும் அளவு நிர்ணயித்தார்கள். அளவு குறைந்தால் பெண்களைப் பிணையாகப் பிடித்தார்கள், சுட்டார்கள், கைகளை வெட்டினார்கள். 1904இல் ரோஜர் கேஸ்மென்ட் அறிக்கை கொடுத்தார், 1905இல் மார்க் ட்வைன் லியோபோல்டைக் கிழித்து ஒரு சிறுநூல் எழுதினார். உலகம் முழுக்கப் பேச்சானது. 1908இல் பெல்ஜிய அரசு அதைத் தன் காலனியாக எடுத்துக்கொண்டது.

பாரதி 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்தார். வெளிநாட்டுச் செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது அவர் வேலைகளில் ஒன்று. கொங்கோ செய்தி அவர் மேசைக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டு. இது என் ஊகம்தான், அதற்கு மேல் இதை இழுக்க மாட்டேன்.

இங்கே வாசகர் வட்டத்தில் எனக்கு நடந்த சண்டையைச் சொல்லணும். போன மாதம் இந்தக் கருத்தைப் பேசியபோது ஒரு இளம் நண்பர் கோபமாகிவிட்டார். "என்னண்ணே, பாரதிய கூண்டுல ஏத்துறீங்களா? நூறு வருசத்துக்கு அப்புறம் கூகுள்ல தேடிட்டு கேள்வி கேக்குறது ஈஸிலா." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னால் வந்தவனுக்கு அறம் மலிவாகக் கிடைக்கும். படையெடுத்தவனுக்கு வழி விட மறுத்தது உண்மையான செயல், துணிச்சலான செயல். கொங்கோ இருந்ததால் அந்தச் செயல் பொய்யாகிவிடாது. டினானில் சுடப்பட்டவர்கள் கொங்கோவுக்காகச் சுடப்படவில்லை.

என் வருத்தம் வேறு இடத்தில். கவிதை ஒரு செயலைப் புகழத் தொடங்கி, மெல்ல நழுவி, ஒரு நாட்டின் குணத்தைப் புகழ்வதாக மாறுகிறது. மறுத்தாய் என்பதோடு நிற்கவில்லை. அறமே உன் இயல்பு என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. செயலுக்குத் தேதி உண்டு. குணத்துக்குத் தேதி கிடையாது. முன்னாலும் பின்னாலும் நீண்டுகொண்டே போகும், 1908க்கு முன்னாலும். பயணக் கட்டுரை எழுதுகிற நாங்கள் எல்லாரும் செய்வது இதுதான். ஒரு கடைக்காரர் மீதிச் சில்லறையைச் சரியாகத் திருப்பித் தருவார். நாம் ஊருக்கு வந்து 'அந்த மக்கள் நேர்மையானவர்கள்' என்று எழுதுவோம். ஒரு கோடிப் பேருக்குச் சான்றிதழ்! என் பன்னிரண்டு பக்கத்தில் இப்படி ஏழு இடம் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் போர் புதுச்சேரிக்குப் பத்திரிகையாக வந்தது. பினாங்குக்கு நேரிலேயே வந்தது. சென்னையில் செப்டம்பரில் குண்டு போட்ட அதே எம்டன், 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கையும் பிரெஞ்சுக் கப்பல் முஸ்கேவையும் மூழ்கடித்தது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறும்போதெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் தாண்டுகிறோம். அடுத்த மூன்றாம் நாள், அக்டோபர் 31, பெல்ஜியத்தில் ஈப்ர் அருகே ஹோலபேகே என்ற இடத்தில் குதாதாத் கான் என்ற சிப்பாய் தனியாக இயந்திரத் துப்பாக்கியோடு நின்று, விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியர் ஆனார். அந்தப் பெல்ஜிய மண்ணைக் காக்க நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். ஈப்ரில் மெனின் வாசலில் 54,000க்கு மேற்பட்ட பெயர்கள், கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள். இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களும் உண்டு. இரவு எட்டு மணிக்குக் கொம்பு ஊதும்போது நான் அழுதேன். அதை மட்டும் கட்டுரையில் எழுதியிருந்தேன், இரண்டு பத்தி.

டெர்வூரனுக்கு 44ஆம் எண் டிராம் போகிறது. காட்டுக்குள் போகும் அழகான பாதை. அங்கே லியோபோல்ட் 1897இல் ஒரு பொருட்காட்சி நடத்தினார். கொங்கோவிலிருந்து 267 பேரைக் கொண்டுவந்து குடிசை கட்டி வேடிக்கை காட்டினார்கள். ஏழு பேர் இறந்துபோனார்கள். இப்போது இருக்கும் ஆப்பிரிக்க அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு 2018 டிசம்பரில் திறந்தது. வட்ட மண்டபத்தில் பெல்ஜியம் கொங்கோவுக்கு நாகரிகம் கொண்டுவருவதாகப் பெயரிட்ட தங்க முலாம் சிலை இன்னும் நிற்கிறது. ஒரு சுவரில் கொங்கோவில் இறந்த சுமார் 1,500 பெல்ஜியர்களின் பெயர்கள். எதிரே சன்னல் கண்ணாடியில் ஃப்ரெடி சிம்பா என்ற கொங்கோக் கலைஞர் அந்த ஏழு பேரின் பெயர்களை எழுதியிருக்கிறார். வெயில் வந்தால் அந்தப் பெயர்களின் நிழல் பெல்ஜியர்களின் பெயர்கள் மேல் விழும். நான் போன அன்று மேகமூட்டம். நிழல் விழவில்லை. காவலாளியிடம் வெயில் எப்போது வரும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் இருந்தது. அதன் முன்னால்தான் எனக்குக் கால் நகரவில்லை. எங்கள் பாட்டி கித்தாக் காட்டில் மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி நிறையாத நாளில் கிராணியிடம் பேச்சு வாங்கியவர். கை வெட்டவில்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னால் அது கொங்கோக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கொங்கோவின் காட்டு ரப்பரை உலகச் சந்தையில் ஓரங்கட்டியது மலாயாவிலும் சிலோனிலும் தமிழர்கள் வெட்டிய தோட்ட ரப்பர். அது முந்திப்போன காலமும் 1914ஐ ஒட்டித்தான். அந்தத் தோட்டங்களிலும் பெல்ஜியப் பணம் இருந்தது. கொங்கோவில் தொழில் பழகிய ஆட்ரியன் ஹாலே என்ற பெல்ஜியர் 1909இல் தொடங்கிய சொக்ஃபின் நிறுவனத்தின் பெயர் சிலாங்கூர்த் தோட்டங்களில் பிறந்த யாருக்கும் தெரியும். அவரோடு கூட்டுச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் எண்ணெய்ப்பனை நட்டார். மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் அது. தென்னமாரம். அந்தப் பெயரைத் தமிழாகக் கேட்காமல் இருக்க முடிகிறதா? அந்த ஆளே பிறகு மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் வாங்கினார்.

பாரதிக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்திருக்கவும் வேண்டாம். ஆனால் தோட்டத்தில் வதைபடும் தமிழர்களைப் பற்றித் தெரியும். என் கையில் உள்ள பதிப்பில் 'பிற நாடுகள்' என்ற பகுதியில் பெல்ஜிய வாழ்த்துக்குப் பிறகு புதிய ருஷ்யா, அதற்கடுத்து ஃபிஜியின் கரும்புத் தோட்டப் பாட்டு. சில பக்கம்தான் தூரம். அந்தப் பாட்டில் வாழ்த்து கிடையாது, குணங்களின் பட்டியல் கிடையாது, அழகான வேற்றுமை உருபு விளையாட்டு கிடையாது. அழுகைதான். காற்றைக் கூப்பிட்டு, அவர்கள் அழுத சத்தம் கேட்டாயா என்று விசாரிக்கிறது. யார் அடிக்கிறார்கள் என்ற இடத்தில் ஒரு நாட்டின் பெயரும் வருவதில்லை. கவிதையாக எனக்கு அதுதான் பெரிது. பெல்ஜியத்தைப் பாடும்போது பாரதிக்குத் தன் தேசத்துக்கான ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது, அதனால் சுத்தமான ஒரு நாட்டைச் செய்துகொண்டார். ஃபிஜியைப் பாடும்போது அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. சத்தம் மட்டும் கேட்டது.

ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெல்ஜியப் பாட்டுத்தான் விருத்தத்தில் சுத்தம், மற்றது புலம்பல் என்று விட்டார். ரசனையில் நாங்கள் இருவரும் ஒருநாளும் சேர்ந்ததில்லை. "அது இருக்கட்டும்," என்றார். "டெர்வூரன எழுதிட்டியா?"

எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன் என்றேன். பழைய பன்னிரண்டில் எதையாவது வெட்டுவாயா என்று கேட்டார். வெட்டவில்லை. வாய்க்கால் ஓரமும் உருளைக்கிழங்கும் இரண்டு மொழிப் பலகையும் அப்படியே இருக்கின்றன. அந்த ஏழு சான்றிதழ்களை மட்டும் அடித்துவிட்டேன்.