முடிபு என்னும் ஒற்றை வரி

உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் ஒவ்வொரு செய்யுளின் கீழும் பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி எனக் குறிப்புகள் வகுக்கப்பட்டிருப்பதை அந்நூலைப் பயின்றோர் அறிவர். இவற்றுள் ஒப்புமைப் பகுதியின் பரப்பையும் விசேடவுரையின் நுட்பத்தையும் புகழ்ந்தவர் பலர். பதவுரைக்கும் கருத்துக்கும் இடையே ஓரிரு வரியில் அடங்கிவிடும் முடிபை நின்று நோக்கியவர் சிலரே. செய்யுளில் முன்பின்னாகக் கிடக்கும் சொற்களுள் எழுவாய் எது, பயனிலை எது, எந்தச் சொல் எதனைக் கொண்டு முடிகிறது எனக் காட்டும் அந்த வரியே, பள்ளி வகுப்பில் கவிதை கற்பிப்பதற்குத் தமிழில் உள்ள கருவிகளுள் தலையாயது. கும்பகோணம் கல்லூரியில் 1880 முதலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் 1919 வரையும் பாடம் சொன்ன ஒருவர், எண்பது வயதைக் கடந்தபின் அச்சிட்ட உரை அது. மாணவன் எங்கே இடறுவான் என்று அறிந்த ஆசிரியரின் கை அதில் தெரிகிறது.

தேவகுலத்தார் பாடிய மூன்றாம் செய்யுளை எடுத்துக்கொண்டால் முடிபின் பயன் விளங்கும். நான்கே அடிகளாலான அச்செய்யுள், நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழம் அளத்தற்கரியது என்று மூன்று பயனிலைகளை அடுக்கியபின், எது அத்தகையது என்பதைச் சொல்லாமல் மலைச்சாரலுக்குச் சென்று, கரிய கொம்பினையுடைய குறிஞ்சியையும் அதன் பூவிலிருந்து தேன் செய்யப்படுவதையும் காட்டிவிட்டு, அந்த நாட்டுக்குரியவனோடு கொண்ட நட்பு என்னும் எழுவாயைக் கடைசிச் சொல்லாக வைக்கிறது. தேனைச் செய்பவை வண்டுகள் என்பதையும் படிப்பவரே வருவித்துக்கொள்ள வேண்டும். “எது பெரிது?” என்று முதல் அடியிலேயே ஆசிரியர் கேட்டு, விடை கிடைக்கும்வரை மாணவரை அடி அடியாக நடத்திச் சென்றால், பெருமையின் அளவு முதலிலும் அப்பெருமைக்குரியது இறுதியிலும் வருவதில் உள்ள தவிப்பு அவர்களுக்கே பிடிபடும். தலைவன் சிறைப்புறத்தானாக, அதாவது வேலிக்கு வெளியே கேட்கும் தொலைவில் நிற்க, அவனைத் தோழி இயற்பழித்தபோது, அதாவது அவன் இயல்பைக் குறைகூறியபோது, தலைவி மறுத்துச் சொன்னது இது என்னும் கூற்றுக் குறிப்பை அதன்பின் சேர்த்தால், அவள் அந்த எழுவாயைக் கடைசிவரை தள்ளிவைத்ததற்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது.

மேனிலை வகுப்புத் தேர்வின் நயம் பாராட்டல் வினாவோ இதற்கு நேர்மாறான பழக்கத்தை வளர்த்துவிட்டது. மையக்கருத்து, மோனை நயம், எதுகை நயம், அணி நயம், சந்த நயம், சுவை நயம் என்ற தலைப்புகளை மனப்பாடம் செய்துகொண்ட மாணவன், எந்தப் பாடலைக் கொடுத்தாலும் அந்தந்தப் பெட்டியில் இரண்டிரண்டு சொற்களை எடுத்துப் போட்டுவிட்டு, பாடலின் எழுவாயைக் கண்டுபிடிக்காமலே மதிப்பெண் பெற்றுவிடலாம். பகுபத உறுப்பிலக்கணமும் நாள்தோறும் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அது ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரிப்பதோடு நின்றுவிட, பிரித்தவற்றைத் தொடராகக் கூட்டும் வேலை எந்த வினாவிலும் இடம்பெறுவதில்லை.

இலக்கணத்தை முன்னிறுத்தினால் சுவை கெடும் என்பார் ஒரு சாரார். அவர்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை. திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டத்தில் கம்பன் பாடலை நிறுத்தியும் மடக்கியும் அவர் சொல்லிக்காட்டிய பாங்கு, உரையின் துணையின்றியே கேட்போரைப் பாடலுக்குள் இழுத்தது என்பதில் ஐயமில்லை. எனினும், எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தது தொடரின் முடிபை அறிந்திருந்ததனால்தான். அந்த அறிவில்லாமல் ஓசையை மட்டும் பின்பற்றும் வகுப்பில் பாடல் உருக்கமாக ஒலிக்குமேயன்றி விளங்காது.

இதே முறை நாவலுக்கும் பொருந்தும். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, படைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராயும் அலசல் விமர்சனத்துக்கு இடமளித்த சி.சு. செல்லப்பாவின் ஜல்லிக்கட்டுக் கதையான ‘வாடிவாசல்’ இதற்கு ஏற்ற பாடம். கதைச்சுருக்கம் கேட்டால், தந்தையைக் கொன்ற காரிக் காளையை மகன் பிச்சி அணைந்தான் என்று எல்லா மாணவரும் எழுதிவிடுவர். கதை எதனைக் கொண்டு முடிகிறது என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிச்சியின் பிடியே முடிபு எனின் அது ஒரு மகன் தீர்த்த கடனின் கதை. அதன்பின் ஜமீன்தார் தம் காளையைத் தாமே சுட்டுவிடுவதே முடிபு எனின், அது தோல்வியைப் பொறுக்காத அந்தஸ்தின் கதை. எந்த விடையைச் சொன்னாலும் மாணவன் நூலுக்குத் திரும்பி, வாடிவாசலருகே நிற்போரின் பேச்சில் எதற்கு எவ்வளவு இடம் தரப்பட்டுள்ளது என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும்; கதைச்சுருக்கம் அப்படித் திரும்ப வைப்பதில்லை.

செய்யுளுக்கு அன்வயம் சொல்லுதல், அதாவது சொற்களை உரைநடை வரிசைக்குக் கொண்டுவந்து இயைத்துக் காட்டுதல், முந்தைய தலைமுறைத் தமிழாசிரியர் கரும்பலகையை நாடுமுன் வாயாலேயே செய்துவிட்ட வேலை. சீர் பிரித்து, சொற்பொருள் பக்கத்திலேயே அச்சிட்டு, பாடலின் பொருளையும் கீழே தந்துவிடும் இன்றைய பாடநூல் அந்த வேலையைத் தேவையற்றதாக்கிவிட்டது என்று கருதுவது பிழை. எளிதாக்கியிருக்கிறது என்பதே உண்மை. நயம் பாராட்டல் வினாவுக்குப் பக்கத்தில், கொடுத்த பாடலின் முடிபை ஒரே தொடரில் எழுதுக என்று ஒரு வினா சேர்க்கப்படுமானால், மனப்பாடம் செய்த எந்தத் தலைப்பும் அதற்கு உதவாது; மாணவன் பாடலைப் படித்தே தீர வேண்டியிருக்கும்.