முன் அட்டை, பின் அட்டை

வீட்டில் பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ் என்று ஏதாவது பாக்கெட் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் உத்தமம்.

புத்தகத்துக்கு விமரிசனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். தினம் வீட்டுக்குள் வரும் இந்த அச்சுப் பிரதியை மட்டும் யாரும் விமரிசிப்பதில்லை. புத்தகத்தின் அட்டையைப் பார்த்து ஏமாந்தால் இருநூறு ரூபாயோடு போச்சு. இதில் ஏமாந்தால் உடம்புக்கு வருகிறது.

பாக்கெட்டுக்கு இரண்டு ஆசிரியர்கள். முன் அட்டையை எழுதுவது கம்பெனியின் விளம்பரக்காரர். பின் அட்டையை எழுத வைப்பது சர்க்கார். முன்னவர் கவிஞர். கோதுமைக் கதிர், தெறிக்கும் பால், துள்ளும் குழந்தை எல்லாம் அவர் கைவண்ணம். பின்னவர் குமாஸ்தா. பொடி எழுத்தில் பட்டியல் போடுவார்.

குமாஸ்தா எழுதியதைப் படித்தால்தான் விஷயம் தெரியும். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் போடவேண்டும் என்பது விதி. முன்னால் 'ஓட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் பார்த்தால் மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் போன பிறகு, பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்த மாதிரி ஓட்ஸ் இருக்கும். சர்க்கரையும் ஒரே பேரில் வராது. இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று உறவுக்காரர்களோடு பிரிந்து நிற்கும். தனித்தனியாக நின்றால் வரிசையில் கீழே. கூட்டினால் மேலே.

இரண்டு பேருமே பொய் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய எழுத்தில் ஒரு உண்மை, சின்ன எழுத்தில் இன்னொரு உண்மை. நாம் பெரியதை மட்டும் படிக்கிறோம். வியாபாரமே அதில்தான் நடக்கிறது.

பிஸ்கட்டோடு போனால் தேவலை. ஓ.ஆர்.எஸ். கதையைக் கேளுங்கள்.

1971. வங்கதேச யுத்தம். எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்துக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவிகிதமாக இருந்த சாவு 4 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கியது. ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பெயர் அப்படிச் சம்பாதித்ததுதான்.

அதில் சர்க்கரை ருசிக்காக இல்லை. குளுக்கோஸ் குடலுக்குள் சோடியத்தைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். சர்க்கரை ரொம்ப அதிகமானால் எல்லாம் தலைகீழ்: உடம்பில் இருக்கிற தண்ணீரைக் குடல் உறிஞ்சி வெளியே தள்ளும். பேதி அதிகமாகும்.

இந்தப் பெயரைப் பழச்சுவை பானங்களின் டெட்ரா பாக்கெட்டில் பெரிதாகப் போட்டு, மருந்துக் கடையிலேயே விற்றார்கள். அவற்றில் சர்க்கரை லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் இருப்பதை ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எடுத்துக் காட்டினார். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்கு வாந்தி பேதி என்றால், "அண்ணே, ஒரு ஓ.ஆர்.எஸ். குடுங்க" என்றுதான் அம்மா கேட்பாள். அவள் பின் அட்டையைத் திருப்பிப் படிப்பாளா?

அந்த டாக்டர் எட்டு வருஷம் போராடினார். 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்றது. ஜூலையிலேயே இறங்கி வந்து, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். இது இல்லை என்று லேபிளில் ஒரு வரி போட்டால் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்றது. என் பேர் கந்தசாமி, ஆனால் நான் கந்தசாமி இல்லை என்கிற மாதிரி. மூன்று வருஷத்துக்கு மேல் இந்தக் கூத்து சட்டப்படி நடந்தது. 2025 அக்டோபரில்தான், முன்னொட்டு பின்னொட்டு எதோடும் அந்த மூன்றெழுத்து கூடாது என்று உத்தரவு வந்தது.

இதில் என் குறை கம்பெனிகளைப் பற்றி மட்டும் இல்லை. வியாபாரி வியாபாரம் செய்வான். பொடி எழுத்தில் ஒரு வரி போட்டால் கடமை முடிந்தது என்று சர்க்கார் நினைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோர் உரிமை என்று 1962-ல் கென்னடி சொன்னார், நம்முடைய 1986 சட்டம் சொன்னது, அதற்குப் பதிலாக வந்த 2019 சட்டமும் சொல்கிறது. அச்சடிப்பது வேறு, தெரிவிப்பது வேறு.

சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு வரம்பு மீறினால் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோணத்தில் 'சர்க்கரை அதிகம்' என்று போட்டாகவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக்கூடக் கறுப்புக் கட்டம் புரியும். நம் ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவில் என்ன சொன்னது தெரியுமா? அரையிலிருந்து ஐந்து வரை ஸ்டார்! கொஞ்சம் புரதம், கொஞ்சம் பழம் சேர்த்தால் சர்க்கரைக்குப் போன மார்க்கில் கொஞ்சத்தை மீட்கலாம். ஸ்டார் என்பது பாராட்டு, எச்சரிக்கை இல்லை. இரண்டு ஸ்டார் வாங்கிய படத்தையும் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறவர்கள் நாம். 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்ன தேசத்துக்கு ஸ்டாரா வேண்டும்?

சட்டம் முன் அட்டைக்கு வரும்வரை நாம் பின் அட்டைக்குப் போகவேண்டியதுதான். மூன்று காரியம் போதும். சேர்மானத்தில் முதல் மூன்று பெயர்களைப் படியுங்கள். பாக்கெட்டில் பெரும்பங்கு பெரும்பாலும் அவைதான். சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து ஐந்தால் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு வரும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம்தான் உப்பு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு என்று தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். 1915-க்குப் போன் பண்ணலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

இப்போது பக்கத்தில் இருக்கிற பாக்கெட்டைத் திருப்புங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் கண் டாக்டரிடம் ஓடாதீர்கள். கோளாறு உங்கள் கண்ணில் இல்லை.