மகேந்திரன் பைத்தியம்

மகேந்திரன் பெயரை யாராவது எடுத்துவிட்டால் அன்றைக்கு என்னால் வேறு வேலை ஆகாது. வீட்டில் இதற்குப் பயந்தே ‘உதிரிப்பூக்கள்’ பேச்சை எடுக்க மாட்டார்கள். வசனகர்த்தாவாக இருந்து இயக்குநரானவர்கள் ஸ்ரீதர், கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் என்று நம்மிடம் வரிசையாக உண்டு. ஆனால் தனக்குப் பேர் வாங்கித் தந்த வித்தையையே, டைரக்டர் ஆனதும் சுருட்டி மூலையில் வைத்த துணிச்சல்காரர் இவர்தான்.

‘தங்கப்பதக்கம்’ ஞாபகம் இருக்கிறதா? சிவாஜி மேடையில் நடித்த நாடகம், 1974-ல் பி.மாதவன் இயக்கத்தில் படமானது. எஸ்.பி. சௌத்ரியாக சிவாஜி வாயைத் திறந்தால் தியேட்டர் அதிரும். அந்த அதிர்வெல்லாம் மகேந்திரன் பேனா. இன்னொருவராக இருந்தால் ஆயுசுக்கும் அதையே எழுதிப் பிழைத்திருப்பார். இவரோ காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோதே, எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே சினிமாக் காதலைக் கிண்டலடித்துப் பேசிய ஆள். (அதை ரசித்ததோடு, பின்னாளில் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதவும் அவரையே கூப்பிட்டாரே எம்.ஜி.ஆர்., அந்தப் பெருந்தன்மைக்கும் ஒரு கும்பிடு.)

1978-ல் ‘முள்ளும் மலரும்’. கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு வாங்கிய உமாசந்திரனின் நாவல், பாலுமகேந்திராவின் கேமரா, இளையராஜா. விஞ்ச் ஆபரேட்டர் காளியாக ரஜினி. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கடைசிக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைக்கும். இன்ஜினீயரைக் கட்டிக்கொள்ள அண்ணனை விட்டுப் போகிறாள் வள்ளி. ஒற்றைக் கையோடு நிற்கிறான் காளி. போனவள் திரும்பி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். சௌத்ரிக்கு எழுதிய பேனாவுக்கு இங்கே நாலு பக்கம் எழுதுவது ஒரு வேலையா? எழுதவில்லையே! தங்கை தன்னைத்தான் பெரிதாக நினைக்கிறாள் என்ற பூரிப்பில், அவளை இன்ஜினீயரிடமே ஒப்படைக்கிறான். அதே கையோடு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். மனம் திருந்தவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. காளி காளியாகவே இருக்கிறான். அடேயப்பா! பாத்திரத்தின் உள்ளே போய்க் குடியிருந்தவனுக்கு மட்டுமே வரும் வசனம் அது.

இதே படத்தில் வசனம் இவ்வளவுதானா என்று தயாரிப்பாளர் தரப்பு மிரண்டுபோனது தனிக் கதை. யேசுதாஸ் குரலில் சரத்பாபு ஜீப் ஓட்டிக்கொண்டே பாடும் பாட்டு இருக்கிறதே, அதைப் படமாக்கப் பணம் இல்லாமல் நின்றபோது கமல்ஹாசன்தான் கைகொடுத்தார்.

அடுத்த வருஷமே ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு தன் வழியே போனவர், டைட்டிலில் அவருக்கு உரிய மரியாதையைத் தந்தார். விஜயன் நடித்த சுந்தரவடிவேலு கத்துகிற வில்லன் இல்லை. அடங்கிய குரலில் அடுத்தவர் உயிரை எடுக்கிறவன். ஆற்றங்கரையில் ஊரே சேர்ந்து அவனைச் சாகச் சொல்லும்போது, உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். ஊருக்கும் சரி, பார்க்கிற நமக்கும் சரி, பதில் இல்லை. படம் முழுக்கச் சேமித்த பேச்சை இந்த ஓர் இடத்தில் செலவழிக்கிறார் மனுஷன்!

‘ஜானி’யில் ஸ்ரீதேவி தன் காதலைச் சொல்லும் காட்சியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பத்திரிகையில் இடம் போதாது. ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ தேசிய விருதுகளை அள்ளியது. அசோக்குமாரின் ஒளிப்பதிவுக்கும் ஒன்று. எல்லாமே தங்கம் என்று சாதிக்க மாட்டேன். ‘கை கொடுக்கும் கை’யில் அந்தப் பழைய பிடி தளர்ந்துதான் போயிருந்தது. 2006-ல் வந்த ‘சாசனம்’ வரை இயக்கியவை மொத்தம் 12 படங்கள். 2019 ஏப்ரலில் காலமாவதற்கு முன் ‘தெறி’யில் வில்லனாக வந்து மிரட்டியபோதும் குரலை உயர்த்தவில்லை, கவனித்தீர்களா?

இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ‘தங்கப்பதக்கம்’ பாருங்கள், மறுநாள் ‘முள்ளும் மலரும்’, அப்புறம் ‘உதிரிப்பூக்கள்’. இந்த வரிசை முக்கியம். படம் ஓடும்போது போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.