ஆஸாதின் இரு குரல்கள்: அல்ஹிலாலும் அஹ்மத்நகர் மடல்களும்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11 நெருங்கும்போது மௌலானா அபுல்கலாம் ஆஸாதைப் பற்றி உரையாற்றுமாறு நமக்கு அழைப்புகள் வருவதுண்டு. அவர் பிறந்த அந்நாள் 2008 முதல் தேசியக் கல்வி நாளாக அனுசரிக்கப்படுகிறது. மேடைகளில் ஒலிப்பது அநேகமாக ஒரே பட்டியல்தான்: காங்கிரஸின் தலைவர், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர், பல்கலைக்கழக மானியக் குழுவும் சாகித்திய அகாதெமியும் உருவாகக் காரணமானவர். பட்டியலில் பிழையேதும் இல்லை. ஆயினும், மக்காவில் 1888இல் பிறந்து, வீட்டிலேயே மரபுவழிப் பாடத்திட்டத்தைக் கற்று முடித்து, 1903இல் 'லிஸானுஸ் ஸித்க்' என்னும் இதழைத் தம் பதினைந்தாம் வயதில் தொடங்கிய ஓர் எழுத்தாளரை அப்பட்டியலில் காண இயலவில்லை. அரசியல் அவரிடம் எழுத்தின் வழியாகவே வந்தது. அந்த எழுத்தை வாசியாமல் அவரைப் போற்றுவதும் தூற்றுவதும் எளிது, மதிப்பிடுவது அரிது.

பிறர் மொழியில் ஒரு நினைவுநூல்

தமிழ் வாசகர்களுள் பெரும்பாலோர் ஆஸாதை அறிந்திருப்பது 1959இல் வெளிவந்த 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்' என்னும் நூலின் வழியாகவே. அந்நூல் உருவான விதத்தை அதன் முன்னுரையே மறைக்காமல் கூறுகிறது. மௌலானா உருதுவில் பேசினார்; பேராசிரியர் ஹுமாயூன் கபீர் குறிப்பெடுத்து ஆங்கிலத்தில் எழுதினார். நூல் அச்சாகுமுன் 1958 பிப்ரவரி 22 அன்று மௌலானா மறைந்தார். ஏறத்தாழ முப்பது பக்கங்கள் முத்திரையிடப்பட்டு 1988 வரை வெளியிடப்படாமல் வைக்கப்பட்டிருந்தன. அவை திறக்கப்பட்டபோது எழுந்த பரபரப்பு அந்நூலின் புகழை மேலும் பெருக்கியது.

பிரிவினைக் கால அரசியலை ஆராய்பவர்களுக்கு அது தவிர்க்கவியலாத ஆவணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், உருது உரைநடையின் போக்கையே மாற்றிய ஒருவரை, அவர் தம் கைப்பட எழுதாத ஆங்கிலத்திலிருந்தும் அதன் பெயர்ப்புகளிலிருந்தும் மட்டும் அறிந்துகொள்வது, இமாமின் பேருரையை மண்டபத்திற்கு வெளியே நின்று பிறர் சொல்லக் கேட்பதைப் போன்றது. செய்தி கிடைக்கும், குரல் கிடைக்காது. அவருடைய குரல் எது என்று தேடினால் ஒன்றல்ல, இரண்டு கிடைக்கின்றன. அவை ஒன்றையொன்று திருத்துகின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்க விழையும் கருத்து.

அல்ஹிலால்: முழங்கும் குரல்

கல்கத்தாவில் 1912 ஜூலை 13 அன்று 'அல்ஹிலால்' வார இதழ் பிறந்தது. உருது இதழ்கள் கல்லச்சில் வெளிவந்த காலத்தில் அது எழுத்துக் கோத்த அச்சிலும் படங்களுடனும் வந்தது. திரிப்போலிப் போரும் பால்கன் போரும் முஸ்லிம் உலகை உலுக்கிய வேளை அது. ஜமாலுத்தீன் அஃப்கானியும் முஹம்மத் அப்துஹுவும் 1884இல் பாரிஸிலிருந்து நடத்திய 'அல்உர்வத்துல் வுஸ்கா', ரஷீத் ரிழா கெய்ரோவில் நடத்திய 'அல்மனார்' ஆகிய அரபு இதழ்களின் மரபு உருதுவில் இங்கே புத்துயிர் பெற்றது. அடிமைத்தனத்தைச் சகித்திருப்பது ஈமானுக்கு முரணானது என்பதே அவ்விதழின் சாரம். ஆங்கிலேயரிடம் விசுவாசம் காட்டுவதே சமுதாயத்தின் பாதுகாப்பு எனும் அலீகர் அரசியலுக்கு நேர் எதிரான குரல் அது.

அரசு வாளாவிருக்கவில்லை. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தின் கீழ் முதலில் 2,000 ரூபாய் ஈட்டுத்தொகை பெற்று அதனைப் பறிமுதல் செய்தது. பின்னர் 10,000 ரூபாய் கோரியது. 1914இல் இதழ் நின்றது. அடுத்த ஆண்டு 'அல்பலாக்' எனும் பெயரில் அது மீண்டும் எழுந்தபோது, 1916இல் ஆசிரியரே வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்டு ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார். 1920 ஜனவரியில்தான் விடுதலை. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே வாழ்ந்த ஓர் இதழ் ஒரு தலைமுறையின் சிந்தனையைத் திருப்பியது எனில், அது எழுத்தின் வலிமைக்குச் சான்றாகும்.

எனினும், பாராட்டோடு நிறுத்திக்கொள்வது விமர்சனத்தின் கடமையைப் பாதியில் விடுவதாகும். அல்ஹிலாலின் நடையில் நாம் இரு குறைகளைக் காண்கிறோம். முதலாவது, அரபும் பாரசீகமும் செறிந்த அதன் உயர்நடை. மக்களை விழித்தெழச் செய்ய வந்த இதழை அம்மக்களுள் பெரும்பகுதியினர் நேரடியாக வாசிக்க இயலாதிருந்தனர். இரண்டாவது இதனினும் முக்கியமானது. அன்றைய அரசியல் நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் ஓர் இறைவசனம் அங்கே சான்றாக வந்து நிற்கிறது. வாசகன் ஆசிரியரின் கருத்தோடு மாறுபட விரும்பினால் குர்ஆனோடு மாறுபடுவதாகவே உணர நேர்கிறது. ஆசிரியரின் ஊகத்திற்கும் இறைவாக்கின் உறுதிக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த முழக்கத்தில் கரைந்துவிடுகிறது. திறமைமிக்க பேனாவுக்கே இந்த ஆபத்து அதிகம். தஃப்ஸீர் கற்பிக்கும் நாம் இன்றைய மேடைகளிலும் இதழ்களிலும் இதே வழக்கம், ஆஸாதின் கல்வியறிவு இன்றியே, பரவியிருப்பதைக் காண்கிறோம்; ஆதலால்தான் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

தர்ஜுமானுல் குர்ஆன்: இடைப்பட்ட பாலம்

இக்குறையை முதலில் உணர்ந்தவர் ஆஸாதே என்று கருத இடமுண்டு. 'தர்ஜுமானுல் குர்ஆன்' முதல் தொகுதி 1931இலும் இரண்டாம் தொகுதி 1936இலும் வெளிவந்தன. அதற்கு முந்தைய கைப்பிரதிகள் காவல்துறைச் சோதனைகளில் சிதைந்தமையால் அவர் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ஸூரத்துல் ஃபாத்திஹாவுக்கு அவர் எழுதிய விரிவுரை ருபூபிய்யத், ரஹ்மத், அதாலத் ஆகிய இறைப்பண்புகளை நிதானமாக ஆராய்கிறது. இங்கே வசனம் நிகழ்வுக்குச் சான்றாக வரவில்லை. மனிதனே வசனத்தின் முன் மாணவனாக அமர்கிறான். மார்க்கத்தின் அடிப்படை ஒருமை பற்றிய அதன் கருத்து, நபித்துவத்தின் மீதான நம்பிக்கையைத் தேவையற்றதாக்குகிறதோ என்று ஆலிம்கள் சிலர் ஐயுற்றனர். அது தம் கருத்தன்று என அவர் தெளிவுபடுத்தினார். அவ்விவாதம் பயனுள்ளதே. ஆனால், அவர் வெளியிட்ட பகுதி ஸூரத்துல் முஃமினூனோடு நின்றுவிட்டது. அரசியல் அவரிடமிருந்து பறித்தவற்றுள் பெரியது எது என வினவப்பட்டால், எழுதப்படாத அந்த மூன்றாம் தொகுதியையே நாம் சுட்டுவோம்.

குபாரே காதிர்: தனிமையின் குரல்

1942 ஆகஸ்ட் 9 அதிகாலை பம்பாயில் கைது செய்யப்பட்ட காங்கிரஸ் செயற்குழுவினர் அஹ்மத்நகர் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கேதான் 1944இல் நேரு 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வை எழுதினார். மௌலானாவோ கடிதங்கள் எழுதினார். அவற்றைப் பெற வேண்டியவர் அரசியல் தோழர் எவருமல்லர். நூல்களை நேசித்த அறிஞர் மௌலானா ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானி. அஞ்சலில் சேர்க்க வழியில்லை என்று அறிந்தே எழுதப்பட்ட அம்மடல்கள் 1946இல் 'குபாரே காதிர்' எனும் பெயரில் நூலாயின. மனத்தில் படிந்த புழுதி என்பது அதன் பொருள்.

தேநீர் அருந்தும் முறை, அறையில் கூடுகட்டிய சிட்டுக்குருவிகளோடு நடந்த போராட்டமும் பின்னர் ஏற்பட்ட நட்பும், இசை, இறைநம்பிக்கை எனப் பொருள்கள் விரிகின்றன. நாடு பற்றியெரிந்த வேளையில் ஒரு தலைவர் குருவிகளைப் பற்றியா எழுதுவது என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிடவில்லை. நூலில் அரசியல் மௌனம் கனமானது என்பதும் உண்மையே. ஆயினும் அல்ஹிலால் தன் வாசகருக்குச் சொல்லாத ஒன்றை இம்மடல்கள் சொல்கின்றன. பரம்பரையாகக் கிடைத்த நம்பிக்கை தமக்குப் போதவில்லை என்றும், இளமையில் ஐயத்தின் வழியே நடந்தே தேடிப்பெற்ற ஈமானை அடைந்ததாகவும் அவர் இங்கே ஒப்புக்கொள்கிறார். அந்த இளமை அல்ஹிலாலுக்குச் சற்று முந்தையது. அவ்வாறெனில், 1912இல் முழங்கிய அந்த உறுதியான குரலுக்குப் பின்னால் ஐயத்தைக் கடந்துவந்த ஒருவர் இருந்தார். வாசகருக்கு அவர் தம் பயணத்தைக் காட்டவில்லை, முடிவை மட்டுமே காட்டினார்.

1943 ஏப்ரல் 11ஆம் நாளிட்ட மடல் இந்நூலின் சிகரம். அதற்கு இரண்டு நாள்களுக்கு முன் கல்கத்தாவில் அவர் துணைவியார் ஸுலைகா பேகம் மறைந்திருந்தார். நோய் முற்றிய செய்தி வந்தபோது, அரசிடம் ஏதேனும் கோர விரும்பினால் சேர்ப்பிப்பதாகச் சிறை அதிகாரி கூறினார். மௌலானா எதையும் கோரவில்லை. அன்றாட ஒழுங்கு எதனையும் அவர் மாற்றிக்கொள்ளவுமில்லை. ஆனால், அந்த வெளித்தோற்றமான அமைதியில் தன்மான உணர்வின் பாவனை கலந்திருந்தது என்பதையும் அவரே எழுதிவிடுகிறார். தம்மைத் தாமே விசாரிக்கும் இந்த நேர்மை முழங்கும் குரலுக்கு எட்டாதது. அதே மடல் நம்மிடம் ஒரு குறையையும் விட்டுச் செல்கிறது. இறுதியாக விடைபெற்றபோது 'குதா ஹாஃபிஸ்' என்பதற்கு மேல் ஒன்றும் பேசாத அப்பெண்மணியை அவருடைய எழுத்தில் நாம் தெளிவாகக் காண்பது அவர் பிரிந்த பின்னர்தான். விடுதலைக்காக அவரும் செலுத்திய விலை எந்த மேடைப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

மரபுரிமை யாருக்கு?

இவ்விரு குரல்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது ஆஸாதைப் பாதியாக்குவதாகும். அல்ஹிலாலை மட்டும் வாசிப்பவர் முழக்கத்தைக் கற்பார். அம்மடல்களை மட்டும் வாசிப்பவர் ஒதுங்கியிருக்கக் கற்பார். முன்னதன் துணிவைப் பின்னதன் தற்சோதனையோடு சேர்த்து வாசிப்பவரே அவருடைய உண்மையான வாரிசு என்பது நம் துணிபு.

உருது அறியாமை நமக்குத் தடை என்று கூறப்படலாம். அது பாதி உண்மையே. அவருடைய உருதுவில் பெரும்பகுதி அரபுச் சொற்களே. அரபுக் கல்லூரிகளில் ஏழாண்டுகள் பயிலும் நம் மாணவர்களுக்கு அந்த வாயில் பாதி திறந்தே இருக்கிறது. மீதியைத் திறக்க ஓராண்டு முயற்சி போதும். ஃபாத்திஹா விரிவுரையின் சில பக்கங்களையும் ஏப்ரல் 11 மடலையும் மூல மொழியில் நம் இறுதியாண்டு வகுப்புகளில் பாடமாக வைக்கலாம். அங்கிருந்து நேரடித் தமிழாக்கங்களும் பிறக்கக்கூடும். நவம்பர் மேடையில் மற்றுமொரு பட்டியலை வாசிப்பதைவிட அது அவருக்குச் செய்யும் சிறந்த நினைவாக அமையும்.