திரைப்படக் காட்சிமுறையும் கட்டடக்கலையும்

திரைப்படம் காண்பவன் இருந்த இடத்திலேயே இருக்கின்றான். காட்சிகள் அவன்முன் இயங்குகின்றன. கட்டடமோ நின்ற இடத்திலேயே நிற்கின்றது, காண்பவனே நடக்கின்றான். எதனை முன்னும் எதனைப் பின்னும் காட்டுவது என்னும் முறைவைப்பில் இவ்விரு கலைகளும் ஒன்றுபடுகின்றன.

உருசியத் திரைப்பட இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1938 அளவில் எழுதிய கட்டுரையில் இவ்வொற்றுமையை ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் ஆகுஸ்த் சுவாசி 1899இல் வெளியிட்ட கட்டடக்கலை வரலாற்றை அவர் துணைக்கொண்டார். ஏதென்சு நகரின் அக்ரோபொலிசுக் குன்றில் வாயில் கடந்து செல்வார்க்குப் பார்த்தினான் கோயில் நேர்முகமாகத் தோன்றுவதில்லை, சாய்வாகவே தோன்றுகின்றது. மேலும் நடக்குங்கால் எரெக்தியான் கோயில் வேறொரு காட்சியாக அமைகின்றது. இத்தொடர்ச்சியைத் திரைப்படத்தின் படத்தொகுப்போடு ஒப்புமையுடையதாக அவர் கண்டார்.

ஐசன்ஸ்டைனின் கொள்கையில் ஈடுபட்ட கட்டடக்கலைஞர் பெர்னார்டு சூமி. 1982-83இல் நடந்த போட்டியில் வென்று, பாரிசின் பழைய இறைச்சிக்கூட நிலத்தில் இலா வில்லெத்துப் பூங்காவை அவர் அமைத்தார். அங்கே வளைந்து செல்லும் நடைவழி படச்சுருளாகவும், அதனை அடுத்த சோலைகள் தனித்தனிப் படங்களாகவும் கருதப்பட்டன. இஃது அரிய முயற்சியே. ஆயின், 120 மீட்டர் இடைவெளிக் கட்டங்களில் நிறுவிய செந்நிறச் சிறு கட்டடங்கள் நிலத்தின் இயல்பிலிருந்து எழுந்தவை அல்ல, அதன்மேல் வைக்கப்பட்டவை. சூமி இதனைக் கருதியே செய்தார். எனினும், நிலத்தை முதற்பொருளாகக் கொள்ளும் இலக்கணம் பயின்ற நாம் இதனைக் குறை என்றே கொள்வோம். அங்குக் காட்சி உண்டு. அக்காட்சி அவ்விடத்திற்கே உரியதாதல் இல்லை.

2009இல் திறக்கப்பெற்ற அக்ரோபொலிசு அருங்காட்சியகமும் சூமியின் படைப்பே. அங்கு அவர் நிலத்திற்கு இடங்கொடுத்தார். கண்ணாடித் தளத்தின்கீழ் அகழாய்வுச் சுவடுகளைக் கண்டு மேலேறுவார், இறுதியில் பார்த்தினான் கூடத்தை அடைவர். அக்கூடம் கோயிலின் திசைக்கு ஒப்பத் திருப்பப்பட்டுள்ளது. கண்ணாடிச் சுவரின் வழியே குன்றின்மேல் கோயில் தெரிகின்றது. அகத்தே மூலச் சிற்பங்களுக்கு இடையிடையே, இலண்டனில் உள்ளவற்றிற்கு ஈடாக வெண்ணிறப் படிகள் நிற்கின்றன. சிற்பத்தையும் கோயிலையும் ஒருங்கு காண்பவன் இடையில் நேர்ந்த இழப்பையும் உணர்கின்றான். பூங்காவில் வாராத இவ்வுணர்ச்சி இங்கு வருவதற்குக் காரணம் நிலமே.

ஆதலின், கட்டடக்கலைஞர் திரைப்படத்தினின்று காட்சிமுறையைக் கொள்ளலாம். அம்முறையின் வரிசையை நிலத்தினின்றே பெறுதல் வேண்டும் என்பது எம் துணிபு.